படாளத்தின் முன் விளிம்பு

முதலில் நடந்தவற்றை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. செங்கல்பட்டில் கூடும் எங்கள் மாடல் ரயில் கிளப், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அச்சரப்பாக்கம் வரையுள்ள ரயில் பாதையைச் சிறிய அளவில் செய்வது என்று முடிவெடுத்தது. ஆளுக்கு ஒரு பலகை. அவரவர் வீட்டில் செய்து, கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும்.

2. நான் படாளத்துக்காரி என்பதால் படாளம் எனக்கு வந்தது.

3. கிளப்பின் அளவு விதிகளில் ஒன்றைக்கூட மீறாமல் அதைச் செய்தேன். சோதனை ஓட்டத்தில் முதல் முறையே தேறியது.

4. செங்கல்பட்டில் ஒரு பள்ளி அரங்கில் கண்காட்சி வைத்தோம். அம்மா பார்க்க வந்தாள்.

5. என் பலகையின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "நம்ம வூடு எங்கடி?" என்று கேட்டாள்.

6. வீடு இல்லை. எங்கள் தெருவே அதில் இல்லை.

7. அடுத்த கண்காட்சிக்குள் தெருவை உள்ளே கொண்டுவருவது, முடியாவிட்டால் படாளத்தைக் கிளப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தேன்.

ஏழாவதைக் கோபத்தில் எழுதியதாக எண்ண வேண்டாம். கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரு பாகம் வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருக்கிறது, இல்லை என்று இரண்டே பதில்கள். என் பலகை படாளமாக இல்லை. அவ்வளவுதான்.

கிளப்பில் நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பேட்டரி. வீட்டு இன்வர்ட்டருக்கு பேட்டரி வாங்க சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கடைக்குப் போனபோது, அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளைச் சுற்றி ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு ஜாணைவிடக் கொஞ்சம் நீளம். பேட்டரியை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது இன்னா அண்ணா?" என்றேன்.

"இதுவா? இது நம்ம பைத்தியம்" என்றார் கடைக்காரர். "ஞாயித்துக்கெழம செங்கல்பட்டு வா தங்கச்சி, மத்த பைத்தியங்களயும் காட்டறன்."

மற்றவர்களில் பாதிப் பேர் கடலோர டவுன்ஷிப்பிலிருந்து வருகிறவர்கள். அணு ஆராய்ச்சியிலோ ஐ.டி. அலுவலகத்திலோ வேலை, சொந்த ஊர் சேலம், கும்பகோணம், திருநெல்வேலி என்று எங்கெங்கோ. மீதிப் பேர் என்னையும் கடைக்காரரையும் போல ஜி.எஸ்.டி. சாலைக்காரர்கள். சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பாதை இணைத்து முடிந்திருக்கும். கூடும் இடம் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹால். ஜன்னல் திறந்திருந்தால் ஸ்டேஷன் ஒலிபெருக்கி உள்ளே கேட்கும். எங்கள் வண்டி மக்கர் செய்து நிற்கிற நேரம் பார்த்து அது தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும். ஒவ்வொரு முறையும் எல்லாரும் சிரிப்போம்.

கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது புதிய பலகை கொண்டுவந்தால் அதை யாராவது ஆட்சேபித்தே ஆக வேண்டும். ஆட்சேபிப்பவர்தான் கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, நீளமான ரயில் ஒன்றை அந்தப் பலகைமேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் முன்னோக்கி, பிறகு பின்னோக்கித் தள்ளி. பின்னோக்கித் தள்ளும்போதுதான் இணைப்பில் உள்ள கோணல் தெரியும். பெட்டிகள் நெளிந்து தடம் புரளும். புரண்டால் பலகை வீட்டுக்குப் போகும். புரளாவிட்டால் ஆட்சேபித்தவரே முதலில் கை தட்ட வேண்டும். குறை சொல்கிறவன் கையிலேயே வண்டியைக் கொடுத்துவிடுவது என்ற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தொழிற்சாலையிலும் இது இருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு விதி, செய்வது எதுவானாலும் அது நிஜத்தில் இருக்க வேண்டும் என்பது. அழகுக்காக மலை வைக்கக் கூடாது. இருக்கிற குப்பைமேட்டை எடுக்கக் கூடாது.

பிரச்சினை வந்தது அளவு விதியில். எல்லாப் பலகைகளும் ஒரே அகலம். பார்ப்பவர்கள் நிற்கும் பக்கத்துக்கு முன் விளிம்பு என்று பெயர். தண்டவாளம் முன் விளிம்பை ஒட்டி, பத்து சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்குப் பின்னால் ஐம்பது சென்டிமீட்டர் இடம். ஸ்டேஷன், கடைகள், மரங்கள், கோயில், சாலை எல்லாம் அங்கே. குழந்தைகளுக்கு வண்டி பக்கத்தில் தெரிய வேண்டும், பின்னால் ஊர் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான்.

ஆனால் படாளத்தில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஊர், கடைத்தெரு, நெடுஞ்சாலை. மறுபக்கம் வாய்க்கால், எங்கள் காலனி, அதற்கப்பால் வயல். ஊரைப் பின்னால் வைத்தால் காலனி முன்னால் வரும். முன்னால் இருப்பது பத்து சென்டிமீட்டர். நிஜத்தில் அது ஒன்பது மீட்டர்கூட வராது. ஜல்லி, ரயில்வே நிலம், வாய்க்காலில் பாதி. அத்தோடு பலகை முடிந்துவிடும். வரைபடம் போடும்போது எங்கள் தெரு கோட்டுக்கு வெளியே விழுந்தது. அளவு அப்படி என்று அடுத்த வேலைக்குப் போனேன். ஸ்டேஷன் பெயர்ப் பலகையின் மஞ்சள் நிறத்துக்காக மட்டும் ஒரு வாரம் அலைந்தேன்.

கண்காட்சியில் அம்மா கேட்டபோது பக்கத்தில் கடைக்காரர் நின்றிருந்தார். சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு அவர்தான் சொன்னார்:

"இன்னாம்மா இப்பிடிக் கேட்டுட்ட? வூடு எங்கியும் போவல. தண்டவாளத்துக்கு இந்தாண்ட பக்கம்தான உங்க தெரு? அப்ப நாம நின்னுகினு கீற எடம்தான் உங்க வூடு. எல்லாரும் உங்க வூட்டு வாசல்ல நின்னுதான் ரயில் பாக்கறோம்!"

அம்மா சிரித்தாள். குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். பள்ளி அரங்கின் சிமெண்டுத் தரை. செருப்புக் கால்கள். யாரோ சிந்திய கடலைத் தோல்.

"அப்ப எல்லாரையும் செருப்ப கயட்டிட்டு நிக்கச் சொல்லு" என்றாள்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வேறு விஷயங்கள் பேசினாள். ரயில் ஓடியது நன்றாக இருந்தது என்றாள், ஸ்டேஷன் அச்சு அசல் என்றாள், வேகமாகப் போகிற வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடலாம் என்றாள். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்த வாரம் வழிகளை யோசித்தேன்.

படாளம் பலகையை மட்டும் பக்கம் மாற்றிச் செய்யலாம். அப்போது காலனி பின்பக்கம் வந்துவிடும். ஆனால் வடக்கு முனை தெற்கே போய்விடும். தெற்கே கருங்குழி இருக்க வேண்டிய பக்கம் வடக்கே உள்ள ஒத்திவாக்கம் வரும். முடியாது.

தண்டவாளத்தைப் பலகையின் நடுவுக்கு நகர்த்தலாம். இரு பக்கமும் இடம் கிடைக்கும். ஆனால் பக்கத்துப் பலகைகளோடு சேர அது இரண்டு முறை வளைந்து வர வேண்டும். படாளத்தில் பாதை நேர். இல்லாத வளைவை வைக்க விதி இடம் தராது. வைக்க எனக்கும் மனமில்லை.

முன் விளிம்பில் கீல் போட்டு இன்னொரு பலகையைத் தொங்கவிடலாம். கண்காட்சியில் அதைத் தூக்கி நிறுத்தினால் முன்னால் ஒன்றரை அடி இடம் கிடைக்கும். தெருவின் முதல் வரிசை அதில் அடங்கும். ஆனால் விளிம்பு நேராக இருக்காது. அந்த இடத்தில் மட்டும் பாதை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்.

நான்காவது வழியைச் சொன்னவர் கடைக்காரர். போனில் சொன்னார். "பின்னாடி கோயிலாண்ட எடம் காலியா கீதே தங்கச்சி. உங்க தெருவ அங்க வெச்சிரேன். யாருக்குத் தெரியப் போவுது?"

இதை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்தாண்ட பக்கம் எவன்டி நமக்கு எடம் குட்த்தான், நீ இப்ப வெக்கறதுக்கு?"

அதோடு நான்காவது வழியும் போயிற்று. மிச்சம் இருந்தது கீல்.

கடைக்காரரிடம் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "கீலு நான் வாங்கியாரன். பித்தளையில பாக்கறன்" என்றார்.

தெருவை அளக்க டேப்போடு இறங்கினேன். சனிக்கிழமை காலை. முதல் வீட்டுச் சுவரில் டேப்பை வைத்ததுமே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பக்கத்து வீட்டு அத்தை இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாடி அளக்கற? பட்டா குடுக்கறாங்களா?"

"இல்ல அத்த. ரயில் பொம்மைக்கு."

"ரயில் இந்தப் பக்கம் வருதா? தெருவ எடுக்கப் போறாங்களா?"

"ஐயோ அத்த, தெருவ எடுக்கல. வெக்கப் போறேன்."

விளக்கிச் சொல்ல நேரமாயிற்று. புரிந்ததும் வேறு தொந்தரவு ஆரம்பித்தது. கடைசி வீட்டுக்காரர், மறைமலைநகரில் வேலைக்குப் போகிறவர், எனக்கு அண்ணன் முறை, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தார்.

"எங்க வூட்டுக்கு மாடி போட்டுரு."

"மாடி இல்லியேண்ணா."

"கட்டப் போறேன்ல? கம்பி வுட்டிருக்கேன் பாரு. நீ முன்னாடியே போட்டுட்டா எனக்கும் கைகூடி வந்துரும்."

"இருக்கறதத்தான் வெக்கலாம். கிளப்புல ரூல்ஸ்."

"இன்னா ரூல்ஸ்? பொம்ம வூட்டுக்குக்கூட அப்ரூவலா?"

கடைசியில் கம்பிகளுக்கு ஒப்புக்கொண்டார். மெல்லிய செப்புக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, அவர் வீட்டுத் தளத்தின் நான்கு மூலைகளிலும் நட்டேன். பார்க்கப்போனால் தெருவில் பாதி வீடுகளில் இப்படிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் அந்தத் தெருவில் இருந்திருக்கிறேன். எந்தெந்த வீடு என்று அப்போதுதான் குறித்துக்கொண்டேன். வீடுகளை அட்டையிலும் ஃபோம் ஷீட்டிலும் செய்தேன். நிறம் அடிக்க மட்டும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே சுவருக்கு மூன்று நிறம் வந்திருக்கும்.

வீடுகள் வைத்த கீல் பலகையைப் படாளத்தில் மாட்டிக் கிளப்புக்குக் கொண்டுபோன ஞாயிறு, செயலாளர் தயாராக வந்திருந்தார். அவர் டவுன்ஷிப்காரர். திருநெல்வேலிப் பக்கம். எதையும் நிதானமாகப் பேசுகிறவர், அளவு விதிகளை எழுதியவரும் அவர்தான்.

"இங்க பாருங்கம்மா" என்று ஆரம்பித்தார். "முன் விளிம்பு நேரா இருக்கப்போய்தான் யாரு பலகையும் யாரு பலகையோடயும் சேருது. அதுல கைய வச்சா நாளைக்கு ஆளுக்கொரு திண்டு கட்டிட்டு வந்து நிப்பாங்க. என்னத்தச் சொல்லித் தடுக்க?"

"எங்க மாமியா வூடு வராத வரிக்கும் எனக்கு ஓகே சார்" என்றார் கடைக்காரர்.

"நீரு சும்மா இரும்யா. ரெண்டாவது, புள்ளைங்க அந்த எடத்துல ஒன்றரை அடி தள்ளி நிக்கணும். மூணாவது, அதுதான் முக்கியம், வீடெல்லாம் முன்னால வந்து வண்டிய மறைச்சிரும். ஜனங்க வாரது ரயில் பாக்கத்தான? வீட்டுச் சொவரப் பாக்க எதுக்கு வரணும்?"

மூன்றும் நியாயமான ஆட்சேபணைகள். அதனால் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். இணைப்பு முனைகளில் கை வைக்கவில்லை. கீல் பலகையை மடித்தால் விளிம்பு பழையபடி நேராகிவிடும். ஒன்றரை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது உண்மை. அதற்கு மாற்று என்னிடம் இல்லை. மூன்றாவதைப் பொறுத்தவரை, மறைக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

"எப்படிப் பாக்க? தண்டவாளமே இல்லாத பலகையில என்னத்த ஓட்ட?"

"ஆட்சேபணை ஓட்டத்தப் பத்தி இல்லையே சார், பார்வையப் பத்திதான். அப்ப நீங்க ஓட்ட வேண்டாம். உக்காந்து பாக்கணும். ஒரு சின்னப் பிள்ளையோட கண் உயரத்துல."

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். செயலாளர் என்னை ஒரு முறை பார்த்தார். மறைத்தால் படாளத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். இணைப்பு அறாமலிருக்க, தண்டவாளம் மட்டும் போட்ட வெற்றுப் பலகை ஒன்று மூலையில் இருந்தது. அந்த இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். படாளம் இல்லாமல் பாதை எப்படி இருக்கும் என்று எல்லாரும் யோசித்த மாதிரி இருந்தது. நான் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அது உயரம் என்று சொல்லி, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி வந்தது. செயலாளர் பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அவர் தாடை பலகை மட்டத்துக்கு வந்தது. அவர் கண்ணுக்கு எதிரே எங்கள் தெருவின் புழக்கடை. குளியலறைத் தடுப்புகள், துணிக் கொடிகள், ஒரு முருங்கை. அதற்கப்பால் வீடுகள். வீடுகளுக்கு நடுவே சந்துகள். சந்துகளின் முடிவில் தண்டவாளம்.

"வுடறேன் சார்" என்றார் கடைக்காரர், கன்ட்ரோலரோடு.

வண்டி வடக்கேயிருந்து வந்தது. முதல் வீட்டுக்குப் பின்னால் மறைந்தது. முதல் சந்தில் எஞ்சின் தெரிந்தது, மறைந்தது. இரண்டாவது சந்தில் எஞ்சின், முதல் சந்தில் ஒரு நீலப் பெட்டி. பிறகு சந்துக்கு ஒரு பெட்டியாக, ஒரே நேரத்தில் தெரு முழுக்க. கடைசிப் பெட்டி போனதும் சந்துகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

செயலாளர் அசையவில்லை.

"மறைக்குதா சார்?" என்றேன்.

"இன்னொரு தடவ விடச் சொல்லுங்க."

இன்னொரு முறை விட்டார்கள். அவர் வாளியை ஒரு ஜாண் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டார். பின்னோக்கியும் விடச் சொன்னார். விதிப்படி அது தேவையில்லை. வேறு யாரோ உட்கார்ந்து பார்க்கிறேன் என்றபோது, இருங்க என்று கையைக் காட்டினார்.

எனக்கு அது புதிதில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரயிலை முழுதாகப் பார்த்ததே கிடையாது. பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பெட்டி, துணி உலர்த்தும்போது ஒரு பெட்டி. நின்று போகும் பாசஞ்சரில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஜன்னலோர முகம் இருக்கும். எக்ஸ்பிரஸில் நிறம் மட்டும்தான். ரயில் என்றால் இப்படித்தான் தெரியும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் இதை முதல் முறையாகப் பார்க்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் அவர் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"மறைக்குது" என்றார். "ஆனா மறைச்சு மறைச்சுக் காட்டுது. புள்ளைங்க இந்த எடத்த விட்டு நகரமாட்டாங்க. அந்த மரத்த மட்டும் எடுத்துருங்க. ரெண்டாவது சந்த அடைக்கு."

"அது முருங்கை சார். அங்கதான் இருக்கு."

"கொஞ்சம் தள்ளி வச்சா என்ன?"

"இருக்கறத மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதினீங்க."

"நைனா மாட்டிகினாரு!" என்றார் கடைக்காரர்.

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி. எலையையாவது கொறைங்க" என்றார். நிஜ முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்து அப்போதுதான் கிளைகளை வெட்டியிருந்தார்கள். அதனால் இலையைக் குறைக்க விதி இடம் கொடுத்தது. அப்புறம் பழக்கப்படி அவர்தான் முதலில் கை தட்டினார். ஆனால் விதியை மாற்றவில்லை. அடுத்த கண்காட்சிக்கு மட்டும் அனுமதி, அங்கே பார்வையாளர்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் பிறகு பேசலாம் என்றார். அது போதும் என்றேன்.

அடுத்த கண்காட்சி கடற்கரைப் பக்கம், மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு சமூகக் கூடத்தில். ரயிலே இல்லாத ஊர். சுற்றிப் பார்க்க வந்தவர்கள், கல் சிற்பக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள், டவுன்ஷிப் குடும்பங்கள் என்று கூட்டம் வந்துவிட்டது. உப்புக் காற்றில் தண்டவாளம் மங்கி, வண்டி அடிக்கடி திக்கித் திக்கி நின்றது. செயலாளர் உட்பட எல்லாரும் துணியும் கையுமாக அலைந்தோம். "ரயில வுட வந்தமா, வூடு தொடைக்க வந்தமா?" என்று கடைக்காரர் போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஈரத்தில் என் கீல் பலகையின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டது. தெரு ஒரு பக்கம் மேடேறியது. பலகைக்கும் கீலுக்கும் நடுவே அட்டைத் துண்டை மடித்துச் செருகி மட்டமாக்கினேன்.

அந்த இடத்தில் குழந்தைகள் தள்ளி நின்றார்கள் என்பது உண்மை. தள்ளி நின்று, பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தால் சந்துகள் வழியாக வண்டி தெரியும் என்று ஒருத்தி கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். எந்தச் சந்தில் எஞ்சின் முதலில் வரும் என்று பந்தயம் நடந்தது. வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டார்கள்.

அம்மா மதியத்துக்கு மேல், தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டு அத்தையும், கம்பிக்கார அண்ணனும் இருந்தார்கள். அம்மா எங்கேயும் நிற்காமல் நேராக வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, ஏரி, பாலாற்றுப் பாலம் எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். படாளத்தின் முன் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

எல்லாரும் அவரவர் வீட்டைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏய், கம்பி கீதுடா!" என்று அண்ணன் யாருக்கோ வீடியோ அழைப்பில் காட்டினார். அத்தை தன் வீட்டு வாசலில் நான் வைத்திருந்த குடத்தைப் பார்த்துவிட்டு, அது பிளாஸ்டிக் குடமா எவர்சில்வரா என்று கேட்டாள். எவர்சில்வர் என்றேன். சரி என்றாள்.

அம்மா விரலை நீட்டி, எங்கள் வீட்டுக் கூரையைத் தொடாமல், அதற்கு மேலே காற்றில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அந்த விரல் நகர்ந்து தெருமுனைக்குப் போனது.

"இங்க தண்ணி டேங்கு எங்கடி?"

"பலகைக்கு வெளிய போய்டுச்சும்மா. இன்னும் அர அடி வேணும்."

"அப்ப தண்ணி?"

"அடுத்த வாட்டி."

"ரெண்டு வருஷம் பி.டி.ஓ. ஆபீசுக்கு நடையா நடந்து வாங்கன டேங்குடி அது" என்று செயலாளருக்கும் கேட்கும்படி சொன்னாள். துணியால் தண்டவாளம் துடைத்துக்கொண்டிருந்த செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். "அரை அடிதானம்மா" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாதபடி.

அதற்குப் பிறகு இரண்டு கூட்டங்கள் நடந்துவிட்டன. கடைக்காரர் தன் பலகைக்கு முன்னால் ஒரு கீல் வைக்க அனுமதி கேட்டிருக்கிறார். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வாசலில் காலையில் நிற்கும் கம்பெனி பஸ்களை வைக்க வேண்டுமாம். டவுன்ஷிப்காரர்களில் இருவர் அவருக்கு ஆதரவு, மூவர் எதிர்ப்பு. எதிர்ப்பவர்கள் வாளியில் உட்கார்ந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைய நிலை இது. முன் விளிம்பு விதி இன்னும் மாறவில்லை. படாளம் பாதையில் இருக்கிறது. அடுத்த கண்காட்சிக்கும் கீல் பலகைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அகலம் இரண்டடி என்று செயலாளரே குறித்துக் கொடுத்தார். தெருவின் முதல் வரிசை முடிந்தது, இரண்டாவது வரிசையில் மூன்று வீடுகள் பாக்கி. தண்ணீர் டேங்குக்கு அளவு எடுத்தாயிற்று, இன்னும் செய்யவில்லை.